வீட்டுக் கொட்டகையில் பிறந்த கார்கள்

எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் மூன்று வருஷம் பிரித்துப் போட்டபடியே கிடந்தது. "இந்த ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்" என்று அப்பா சொல்லாத வாரம் கிடையாது. அம்மா அதைச் சுற்றியே பெருக்கி, அதைச் சுற்றியே தண்ணீர் தெளித்து, கடைசியில் அதன் மேல் துணி உலர்த்தவும் ஆரம்பித்துவிட்டார். அது ஓடவே இல்லை. பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தில் ஒரு முழுக் காரையே இப்படி வீட்டில் வைத்துக் கட்டுகிற கூட்டம் ஒன்று எழுபது வருஷமாக இருக்கிறது என்று படித்தபோது, எனக்கு முதலில் தோன்றிய கேள்வி இன்ஜினைப் பற்றியது இல்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான்! தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வரியைப் பற்றியும் பந்தயத்தைப் பற்றியுமே எழுதியிருக்கிறார்கள். வீடு ஓரமாகத்தான் வருகிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் எல்லா இடத்திலும் இருக்கிறது.

முதலில் கிட் கார் என்றால் என்ன? ஒரு சிறு நிறுவனம் சட்டகத்தையும் (சேஸி) மேல்கூட்டையும் செய்து விற்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங் இவையெல்லாம் ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுக்க வேண்டும். அந்தப் பழைய காருக்கு டோனர் கார் என்று பெயர், ரத்ததானம் மாதிரி. :-) இரண்டையும் சேர்த்து மாட்டி ஓட்ட வேண்டியது வாங்கியவர் பொறுப்பு.

இதற்கு முன்னோடி ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் கார். 1922 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்டு லட்சக்கணக்கில் விற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தில் புதுக் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. தொழிற்சாலைகள் செய்த கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போயிற்று. உள்ளூர்க்காரன் காத்துக் கிடந்தான். ஆனால் தட்டுமுட்டு விலைக்குப் பழைய ஆஸ்டின் செவன்கள் நிறையக் கிடைத்தன. அதன் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தகரத்திலோ அலுமினியத்திலோ தானே ஒரு கூடு செய்து மாட்டிக்கொண்டால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தயார். இவற்றுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர்.

அப்படி ஸ்பெஷல் கட்டியவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் காலின் சாப்மன். லோட்டஸ் என்ற பெயரைக் கேட்டாலே பந்தய ரசிகர்களுக்கு நினைவுக்கு வருகிறவர். 1948ல் அவர் தன் முதல் காரைக் கட்டியது தன் வீட்டில்கூட இல்லை. லண்டனில் தன் காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பூட்டு கராஜில்! ஹேசலும் கூட நின்று வேலை செய்தார். 1952ல் லோட்டஸ் இன்ஜினியரிங் ஆரம்பிக்கப்பட்டபோது, ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடன்தான் முதல். இடம், சாப்மனின் அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். சாப்மன் பகலில் ஓர் அலுமினிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, மாலையிலும் இரவிலும்தான் கார் கட்டினார். 1954ல் ஹேசலைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம்தான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக லோட்டஸில் இறங்கினார். பெண் வீட்டார் இடம், பெண்ணின் பணம், அப்பாவின் லாயம்... ஒரு பெரிய கார் கம்பெனியின் முதல் முதலீட்டைப் பார்த்தீர்களா?

இன்னொருவர் ஜான் ஹேன்ஸ். இவர் 1938ல் இலங்கையில் பிறந்தவர். அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்து வந்தார். பையனைப் பன்னிரண்டு வயதில் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ரக்பி விளையாடுவதற்குப் பதிலாகத் தன்னைக் கார் கட்ட விடும்படி ஆசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கியவர் இவர்! ஓர் ஆஸ்டின் செவனை ஸ்பெஷலாக மாற்றிவிட்டு, எப்படிச் செய்தேன் என்று படம் வரைந்து ஒரு சிறு கையேடும் எழுதினார். 1956ல் 250 பிரதிகள் அச்சிட்டார். பத்தே நாளில் விற்றுத் தீர்ந்தன. பிற்பாடு உலகம் முழுக்க மெக்கானிக் கடைகளில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் 'ஹேன்ஸ் மேனுவல்' புத்தகங்களின் முதல் விதை அதுதான். இவர் மறுபடியும் வருவார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரிக்கு வருவோம். புதுக் காருக்கு பர்ச்சேஸ் டாக்ஸ் என்று ஒன்று இருந்தது. 1951 பட்ஜெட்டில் அது இரு மடங்காகி மொத்த விற்பனை விலையில் மூன்றில் இரண்டு பங்கு ஆயிற்று. அதாவது 300 பவுண்டு பொருளுக்கு 200 பவுண்டு வரி! பின்னால் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஐம்பதுகள் முழுக்கக் கடுமையாகவே இருந்தது. ஆனால் இந்த வரி முழுக் காருக்கு மட்டும்தான். பாகங்களாக வாங்கி நீங்களே மாட்டிக்கொண்டால் வரி இல்லை. சாப்மன் இந்தச் சந்தில் நுழைந்தார். 1952ல் வந்த லோட்டஸ் மார்க் 6, 1957ல் வந்த லோட்டஸ் செவன் இரண்டும் பெரும்பாலும் பெட்டியில் பாகங்களாகவே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயின.

இதில் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. கிட்டோடு 'எப்படி மாட்டுவது' என்று குறிப்பு கொடுத்தால் அது முழுக் கார் விற்றதாகிவிடும், வரி உண்டு என்பது விதி. எனவே சாப்மன் 'எப்படிப் பிரிப்பது' என்று குறிப்பு கொடுத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது! எவ்வளவு தூரம் நிஜமோ, லோட்டஸ்காரர்கள் எல்லோரும் சொல்கிற கதை.

அறுபதுகளை ஒட்டி இரண்டு அடிகள் விழுந்தன. 1959ல் மினி வந்தது. வரியெல்லாம் சேர்த்தே 500 பவுண்டுக்குள் புத்தம் புதுக் கார், நான்கு பேர் உட்காரலாம், மழைக்கு நனையாது. 1960ல் பத்து வயதைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் பார்த்துத்தான் விடுவார்கள். போருக்கு முந்தைய ஆஸ்டின் செவன் அடிச்சட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பெஷல்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது அடி 1973ல். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததும் ஏப்ரல் 1 முதல் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வந்தது. பாகமாக வாங்கினாலும் வரி உண்டு. அதே வருஷம் செவனைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸ், கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளருக்கு விட்டுக்கொடுத்தது.

வரிச்சலுகைதான் காரணம் என்றால் கிட் கார் அன்றைக்கே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. எழுபதுகளின் பிற்பாதியிலும் எண்பதுகளிலும்தான் அது உண்மையில் பெருகியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

என் கணிப்பு இது. இருபத்தைந்து, முப்பது வயது ஆள். கல்யாணம் ஆகிவிட்டது, ஒன்றோ இரண்டோ குழந்தைகள், வீட்டுக் கடன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் பணம் கையில் சேரப்போவதே இல்லை. ஆனால் கிட் காரை மாதச் சம்பளத்தில் துண்டு துண்டாக வாங்கலாம். இந்த மாதம் சட்டகம், அடுத்த மாதம் ரேடியேட்டர், போனஸ் வந்தால் டயர். ஒரு காரைச் சீட்டுக் கட்டுகிற மாதிரி வாங்குவது!

டோனர் காரும் தானாகவே கிடைத்தது. ஃபோர்டு எஸ்கார்ட் 1968ல் வந்து பிரிட்டன் முழுக்க ஓடியது. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக அங்கே சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். பத்து வருஷத்தில் கூடு பொடிப்பொடியாகும், உள்ளே இன்ஜினும் கியர்பாக்ஸும் பின் அச்சும் கல்லு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட எஸ்கார்ட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி வாசலில் நிறுத்திப் பிரிக்க வேண்டியதுதான்.

ஆனால் செவன் மாதிரிக் கார்களில் இரண்டே இருக்கை. குழந்தை பிறந்த வீட்டில் கணக்கு உதைக்கும். அப்பாவும் ஒரு பிள்ளையும் போனால் அம்மாவும் இன்னொரு பிள்ளையும் வாசலில் நிற்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர் டிம் டட்டன். 1970ல் சசெக்ஸில் தொழில் ஆரம்பித்தார். ஸ்போர்ட்ஸ் கார்களோடு நிற்காமல், எஸ்கார்ட் பாகங்களை வைத்து, கண்ணாடியிழைக் கூட்டோடு, ஜீப் தோற்றத்தில், குடும்பத்தோடு போகிற மாதிரி ஒரு கிட் கார் விட்டார். அதற்கு சியரா என்று பெயர் வைத்தார். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால் வீட்டில் அனுமதி கிடைப்பதும் சுலபம் இல்லையா! எண்பதுகளில் உலகின் மிகப்பெரிய கிட் கார் நிறுவனம் என்று டட்டனுக்குப் பெயர் வந்தது.

வினை அந்தப் பெயரில்தான் வந்தது. 1982ல் ஃபோர்டு தன் புதுக் காருக்கு அதே சியரா பெயரை வைத்து, டட்டன் மேல் வழக்கும் போட்டது. யானைக்கும் எலிக்கும் வழக்கு. கிட் கார் என்பது வேறு வகை, தொழிற்சாலையில் முழுதாகச் செய்த கார் வேறு வகை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. டட்டன் தன் சியராவை அதே பெயரில் தொடர்ந்து விற்றார்.

சரி, வீட்டுக்குள் என்ன நடந்தது? எல்லாப் பாகமும் புதிதாக, அளவாக வருகிற கேட்டர்ஹாம் கிட்டுக்கே ஏறக்குறைய நூறு மணி நேரம் ஆகும். குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு வாரத்துக்கு ஒரு ராத்திரி, இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஒரு வருஷம் ஓடிப்போகும். பழைய எஸ்கார்ட்டைப் பிரித்து, துரு சுரண்டி, சாயம் அடித்துச் செய்தால் இரண்டு வருஷம், மூன்று வருஷம். அதற்குள் கைக்குழந்தை நடந்து, பேசி, பள்ளிக்கூடமே போய்விடும். கராஜில் கார் இருப்பதால் சைக்கிளும் குழந்தை வண்டியும் நடைக்கு வந்துவிடும். பணத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுக்க வேண்டும், அந்த நேரம் அவருடையது மட்டும் இல்லை. அவர் கராஜில் இருக்கும் ஒவ்வொரு மணியும் உள்ளே இன்னொருவர் தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மணி. பழைய வரிக்காவது இத்தனை பங்கு என்று கணக்கு இருந்தது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கட்டி முடிக்காத கிட் கார்கள் விளம்பரப் பக்கங்களில் விற்பனைக்கு வந்துகொண்டே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த குழந்தை, வீடு மாற்றம், பணமுடை, இவைதான் வழக்கமான காரணங்கள். அதை வாங்குகிறவரும் பெரும்பாலும் இன்னொரு இளம் அப்பாவாகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுப்பது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் படுத்துக்கொண்டு நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "மிதி... பிடி... விடு." நான்கு சக்கரத்துக்கும், குமிழி வருவது நிற்கும் வரை. கார் நிற்குமா நிற்காதா என்பது பெடலில் இருக்கும் அந்தக் காலையும் நம்பித்தான் இருக்கிறது.

1996ல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுண்டில்கூட உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டலாம் என்று தலைப்பிலேயே சொன்னார். கிட்கூட வேண்டாம். 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயை அறுத்து, வெல்டிங் வைத்து, செவன் மாதிரிச் சட்டகத்தை நீங்களே செய்துகொள்ளலாம். டோனர், அதே எஸ்கார்ட். இந்த வகைக் கார்களுக்கு லோகாஸ்ட் என்று பெயர் வந்தது. புத்தகத்தை வெளியிட்டது ஹேன்ஸ் நிறுவனம்! ரக்பிக்குப் பதிலாகக் கார் கட்டிய பையன் தன் 250 பிரதிகளை விற்று நாற்பது வருஷம் கழித்து.

1998ல் அரசு தனிப் பரிசோதனை முறை ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வருமுன் அதில் தேற வேண்டும். இடித்தால் கிழிக்கும் கூர்முனைகள் இருக்கக்கூடாது, விளிம்புகள் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது வளைந்திருக்க வேண்டும் என்பது வரை பார்ப்பார்கள். 2009ல் அது இன்னும் விரிவான சோதனையாக மாறியது.

இதற்கிடையே பழைய எஸ்கார்ட்டுகள் அரிதாகி, ராலி ரசிகர்கள் தேடி வாங்கும் பொருளாகி, விலை எங்கோ போய்விட்டது. வெட்டிப் போட யாருக்கும் மனசு வராது. எனவே 2007ல் ஹேன்ஸ் நிறுவனம் வீட்டில் கார் கட்டுவதற்கு இன்னொரு புத்தகம் வெளியிட்டபோது அதில் வேறு டோனரைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்சக்கர ஓட்டம், எங்கும் மலிவாகக் கிடைப்பது, பாகங்கள் உறுதியானவை.

ஃபோர்டு சியரா.