சிறுநீர்ப்பைப் புற்றுநோய்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்பது சிறுநீர்ப்பையின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோயாகும். பெரும்பாலும் இது சிறுநீர்ப் பாதையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள யூரோதீலியம் என்னும் மென்படலத்தில் தோன்றுகிறது. 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6.1 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 2.2 இலட்சம் பேர் இறந்தனர். பெண்களைவிட ஆண்களிடம் இது ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணங்கள்

உடலில் சேரும் நச்சுப்பொருட்கள் பலவற்றைச் சிறுநீரகங்கள் குருதியிலிருந்து வடித்து அகற்றுகின்றன. ஆயினும் அவை வெளியேறும் முன் சிறுநீர்ப்பையில் சில மணிநேரம் தேங்குகின்றன. இந்நோய் பரவலாக வெளியிலிருந்து வரும் நச்சுகளோடு தொடர்புற்றிருப்பதற்கு இதுவே அடிப்படை.

1895 இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லூட்விக் ரேன், பியூக்சின் என்னும் செந்நிறச் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் இந்நோயைக் கண்டு அறிவித்தார். அவர் அனிலீனைச் சந்தேகித்தார். "அனிலீன் கட்டி" என்ற பெயரும் நிலைத்தது. ஆனால் முதன்மைக் குற்றவாளிகள் 2-நாப்தைலமீன், பென்சிடீன் போன்ற அரோமாட்டிக் அமீன்களே. 1938 இல் வில்லெம் ஊப்பர் 2-நாப்தைலமீன் கொடுத்து நாய்களில் இக்கட்டிகளை உண்டாக்கிக் காட்டினார். 1954 இல் ராபர்ட் கேசும் அவருடைய குழுவினரும் பிரித்தானியச் சாயத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு இதனை உறுதிசெய்தது. நச்சுக்கு ஆட்பட்டதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் செல்லக்கூடும் என்பதால், பணியை விட்டு நீங்கிய பின்னரும் பலர் நோயுற்றனர்.

இதே 2-நாப்தைலமீன் சிகரெட்டுப் புகையிலும் உள்ளது. சாயத் தொழிற்சாலையின் வாசலை மிதிக்காதவரும் அதனை உள்ளிழுக்கிறார். இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் நோய்க்குக் காரணம் புகைபிடித்தலே என மதிப்பிடப்பட்டுள்ளது.

குடிநீரில் கலந்த ஆர்சனிக் மற்றொரு காரணம். சிலி நாட்டின் அந்தோபகஸ்தா நகரில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த நீர் வழங்கப்பட்டது. நீர் தூய்மையாக்கப்பட்டுப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அங்கு இந்நோய் மிகுந்திருந்தது. எகிப்து முதலிய நாடுகளில் சிசுட்டோசோமா என்னும் ஒட்டுண்ணிப் புழுவும் செதிள் உயிரணு வகைப் புற்றுநோயை உண்டாக்குகிறது.

அறிகுறிகள்

வலியின்றிச் சிறுநீரில் குருதி வெளிப்படுவதே முதன்மை அறிகுறி. இது ஓரிரு நாட்களில் தானே நின்று, வாரக்கணக்கில் மீண்டும் வராமலும் இருக்கலாம். நின்றுவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் இங்குள்ள இடர். பெண்களிடம் சிறுநீர்த்தொற்று என்று கருதிக் காலங்கடத்துவதும் நிகழ்கிறது. சிறுநீர்ப்பைக்குள் அகநோக்கியைச் செலுத்திப் பார்த்தும், திசுவை எடுத்துச் சோதித்தும் நோய் உறுதிசெய்யப்படுகிறது.

சிகிச்சை

கண்டறியப்படும்போது ஏறத்தாழ முக்கால் பங்குக் கட்டிகள் தசையை ஊடுருவாதவை. இவை சிறுநீர்வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுக்கப்படுகின்றன. மீண்டும் தோன்றும் இயல்புடையவை ஆதலால், அகநோக்கிச் சோதனை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இடர் மிகுந்தோருக்கு, காசநோய்த் தடுப்பு மருந்தாகிய பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறை, ஆறு வாரங்கள் செலுத்துவர். உயிருள்ள அந்நுண்ணுயிரிகள் உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டுகின்றன. கனடாவின் அல்வாரோ மொராலசும் குழுவினரும் 1976 இல் வெளியிட்ட இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

தசையை ஊடுருவிய நோய்க்கு வேதிச்சிகிச்சையளித்துச் சிறுநீர்ப்பையை அகற்றுவர். சிறுகுடலின் ஒரு பகுதியால் சிறுநீர் வெளியேறும் வழியோ புதிய பையோ அமைக்கப்படும். தகுதியான சிலருக்குக் கதிர்வீச்சும் வேதிச்சிகிச்சையும் சேர்ந்தளித்து, பையை அகற்றாமல் காக்க முயல்வதுமுண்டு. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய நோய்க்கு என்போர்ட்டுமாப் வெடோட்டின், பெம்பிரோலிசுமாப் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்தளிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 இல் ஒப்புதல் வழங்கியது.