சானடோரியம் முதல் கீமோ நாற்காலி வரை: நோயாளிகளின் கைவேலை வரலாறு

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்தது ஒரு காசநோய் மருத்துவமனை. மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அதற்கு முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுப் பகுதியில், அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். தாம்பரம் மருத்துவமனை 1937-இல் அரசின் கைக்கு வந்தது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு ஆகியவையே சிகிச்சை. குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டு வந்த நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், படுத்தே கிடக்க வேண்டியிருந்தது.

இந்தச் சும்மா கிடத்தலே ஆளைத் தின்றுவிடும் என்பதை சானடோரிய மருத்துவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் 1905 முதல் மருத்துவர் மார்கஸ் பேட்டர்சன் நோயாளிகளுக்கு வேலையை மருந்துபோல அளந்து கொடுத்தார். முதலில் நடை, பிறகு மண்கூடை சுமத்தல், பிறகு மண்வெட்டி. காய்ச்சல் ஏறினால் வேலை நிறுத்தப்படும். அமெரிக்காவில் காசநோயோடு போராடிய கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்ட்டன், 1914-இல் தன் வீட்டையே கைத்தொழில் கற்றுத் தேறும் இடமாக்கினார். 1917-இல் அங்கே கூடிய சிலர் அமைத்த சங்கத்திலிருந்துதான் தொழில்வழிச் சிகிச்சை ஒரு துறையாக வளர்ந்தது. ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938-இல் காசநோயால் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்திருந்தபோது, படுக்கைக்கு அருகில் இருந்த பொருட்களை வரைய ஆரம்பித்தார். மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். கலைவழிச் சிகிச்சை என்ற பெயர் 1942-இல் அவர் வைத்தது. நோயாளியின் கைக்கு வேலை கொடுக்கும் இந்த வழக்கத்துக்கு இத்தனை பேர் பங்களித்திருந்தாலும், அதன் தாய்வீடுகளில் ஒன்று காசநோய் வார்டு.

அந்தத் தாய்வீடு காலியானதற்குச் சென்னையும் ஒரு காரணம். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் கீமோதெரபி மையத்தை நிறுவின. அன்றைக்குக் கீமோதெரபி என்றால் காசநோய் மருந்துகளும் அதில் அடக்கம். 193 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை, வறுமையும் நெருக்கடியும் மிகுந்த அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சத்துணவும் ஓய்வும் நல்ல காற்றும் சேர்ந்து தந்த கூடுதல் பலன் அவ்வளவு சிறியது. 1959-இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர உதவியது. ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. மாதக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளி இல்லாமல் போனதும், அவருக்குக் கைவேலை கொடுக்க வேண்டிய அவசியமும் மருத்துவமனையை விட்டுப் போனது.

தமிழ்நாட்டில் கைவேலை தொடர்ந்த ஓர் இடம் வேலூர். 1950-களின் தொடக்கத்தில் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளுக்காக நவஜீவ நிலையத்தை உருவாக்கினார். அவரே தச்சு வேலை பழகியவர். அறுவை சிகிச்சையால் விரல்களை நிமிர்த்திக்கொண்ட இளைஞர்கள் அங்கே பொம்மைகளும் மரச்சாமான்களும் செய்தார்கள். புண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. சதை தானாக அழுகவில்லை என்பதைப் பிராண்ட் கவனித்துக் கண்டறிந்தார். உணர்ச்சி இல்லாத கை சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கியது. கைப்பிடியின் பிளவு குத்தியதும், சூடு சுட்டதும் அந்தக் கைக்குத் தெரியவில்லை. எனவே கைகளைத் தினமும் சோதிப்பதும், கருவியின் பிடியைக் கைக்கு ஏற்ப மாற்றுவதும் வழக்கமாயின. இந்தப் பாடம் இன்று புற்றுநோயாளிகளுக்கும் பயன்படக்கூடியது.

புற்றுநோய்ச் சிகிச்சை தென்சென்னைக்கு அடையாறு வழியாக வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. ரத்தப் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் அந்தப் பத்தாண்டில்தான் உலகப் புழக்கத்துக்கு வந்தது. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. விரல் நுனிகளை மரத்துப்போக வைப்பது அதன் பக்கவிளைவு.

கீமோ ஏறும்போது கைவேலை செய்வது அப்போது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. குறிப்பாக, 1970-களின் இறுதியில் பரவிய சிஸ்பிளாட்டின் என்ற மருந்து ஏறினால் வாந்தி மணிக்கணக்கில் நிற்காது. 1990-களின் தொடக்கத்தில் வந்த, வாந்தியைத் தடுக்கும் ஆன்டான்செட்ரான் அந்த நிலையை மாற்றியது. நெஞ்சில் தோலுக்கடியில் பொருத்தும், மருந்து ஏற்றுவதற்கான போர்ட், ஊசி குத்திய கையை விடுவித்தது. காலையில் வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, மாலையில் வீடு திரும்பும் பகல்நேரச் சிகிச்சை பரவியது. நாற்காலியில் நாலைந்து மணி நேரம், இரண்டு கையும் சும்மா, மனம் முழுக்கப் பயம்: சானடோரியத்தின் பழைய பிரச்சினை சிறிய அளவில் திரும்பி வந்தது. பின்னலும் குரோஷாவும் வண்ணம் தீட்டுதலும் பல நாடுகளின் கீமோ அறைகளுக்குள் வந்தது இப்படித்தான்.

அதன் பலன் எவ்வளவு? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனையில் 50 புற்றுநோயாளிகள் ஒரு மணி நேரம் கலைவேலையில் ஈடுபட்டார்கள். வலி, களைப்பு, பதற்றம் உட்பட ஒன்பது தொல்லைகளில் எட்டு குறைந்தன. குமட்டல் மட்டும் குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. கைவேலை கட்டியைக் கரைக்காது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நோயாளிக்குச் சொந்தமாகிறது என்பதே போதுமான நியாயம்.

எந்த வேலை என்பதில்தான் பிராண்டின் பாடம் உதவுகிறது. கீமோ மருந்துகளில் பாக்லிடாக்செல் விரலை மரக்க வைக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவருக்கு ஏசி அறையில் குளிர்ந்த இரும்புக் குரோஷா ஊசியைத் தொட்டாலே விரலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். மர ஊசியோ பிளாஸ்டிக் ஊசியோ நல்லது. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் என்பதால், எம்ப்ராய்டரி ஊசி குத்திய சின்னக் காயமும் காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். பல புற்றுநோய் வார்டுகள் புதுப்பூவை உள்ளே விடுவதில்லை. பூத் தொடுப்பதும் அதனால் விலக்கு. டாக்சோரூபிசின் போன்ற மருந்து கை நரம்பு வழியாக ஏறும்போது அது கசிந்தால் சதை புண்ணாகும். அப்போது எந்த வேலையும் வேண்டாம், அந்தக் கை அசையாமல் இருக்க வேண்டும்.

மற்ற நேரங்களில் இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்தி வருவது, தமிழ்நாட்டுப் பெண்கள் பல ஆண்டுகளாக வீட்டில் பின்னும் வயர் கூடை. ஊசி வேண்டாம். வயரைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம். பாதியில் விட்டாலும் முடிச்சு அவிழாது. அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயரை வீட்டிலேயே அளந்து வெட்டி, அடிப்பாகத்தைப் போட்டு எடுத்துவந்தால் கத்தரிக்கும் வேலை இல்லை. விரல் மரத்தவருக்குச் சாதாரண முடிச்சு போதும். சிவன்கண், நெல்லிக்காய் போன்ற நுணுக்கமான முடிச்சுகளுக்குக் கண்ணும் விரலும் கூர்மையாக இருக்க வேண்டும். வயரை இறுக்கி இழுப்பதால் உள்ளங்கை சிவந்தாலோ, கேப்பிசிடபின் என்ற கீமோ மாத்திரையால் ஏற்கெனவே கை எரிந்தாலோ கூடையைக் கீழே வைத்துவிட வேண்டும். கைவேலையைத் தொடங்கும் முன் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் வெளிச்சத்தில் பத்து விரல்களையும் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.