பக்கத்து வளவில் ஆபத்தான மரம்: சட்டத்தில் என்ன வழி?

ஒக்ரோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வேலிச் சண்டைகளில் ஒரு வகை தலைதூக்கும். பக்கத்து வளவுத் தென்னை எங்கள் ஓட்டுக்கூரைப் பக்கம் சரிந்து நிற்கிறது. சொன்னால், "என்ர காணி, என்ர மரம்" என்று பதில் வருகிறது.

எல்லை தாண்டும் மரம் பழைய வழக்குத்தான். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலேயே, அயல் காணிக்கு மேல் சாயும் மரத்தின் பலன் யாருக்கு என்ற கேள்வி வருகிறது. ஆனால் உயிராபத்து என்று வரும்போது இன்று கைகொடுப்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. விழக்கூடிய நிலையிலுள்ள மரம் அயலில் வசிப்போருக்கோ வழியால் போவோருக்கோ காயம் விளைவிக்கும் என்று கண்டால், நீதவான் நிபந்தனைக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கலாம். குறித்த காலத்துக்குள் மரத்தை அகற்ற வேண்டும், அல்லது மன்றில் தோன்றி ஆட்சேபனையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பொலிஸ் முறைப்பாட்டிலிருந்தே இது தொடங்கும். இலை கொட்டுகிறது, கிணற்றுக்குள் குப்பை விழுகிறது என்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குப் போதாது. மரம் விழும் என்பதைக் காட்ட வேண்டும்.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். மரம் விழுந்து வீடு உடைந்த பிறகு நட்டஈடு கேட்டால், உரோமன்-டச்சுச் சட்டப்படி உரிமையாளரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். "நல்ல மரம், புயல்தான் விழுத்தியது" என்பது அவருடைய வழமையான பதிலாக இருக்கும். உக்கிய அடிமரத்தின் படத்துடன் முன்கூட்டியே பதிவுத் தபாலில் அனுப்பிய ஒரு கடிதம் அந்தப் பதிலைப் பலவீனமாக்கும். ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது சாட்சி. பிரதி ஒன்றை கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு மன்றில் நிற்காது.

எங்கள் வளவுக்குள் நீண்ட கிளையை வெட்டும்படி முதலில் உரிமையாளரைக் கேட்க வேண்டும். மறுத்தால் எல்லைக்கோடு வரை நாங்களே தறிக்கலாம். வேலி தாண்டிப்போய் அடிமரத்தில் கோடரி வைத்தால் கதை மாறிவிடும். அத்துமீறலுக்கும் சொத்துச் சேதத்துக்கும் நீங்களே எதிரியாகக் கூண்டில் நிற்க நேரிடும். கம்பி தொடும் கிளையென்றால் கத்தியை எடுக்காமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அயலவர் "சரி, வெட்டுறன்" என்று இணங்கிய பின்னரும் மரம் நிற்பதற்கு, வடக்கில் பல வேளைகளில் இதுதான் காரணம். அவரை ஏசுவதற்கு முன், விண்ணப்பம் கொடுத்துவிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மத்தியஸ்த சபைக்குப் போவதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. வெட்டுக்கூலியை இருவரும் பாதி பாதியாகக் கொடுப்பது, விறகு யாருக்கு என்பது போன்றவற்றை அங்கே பேசித் தீர்த்து எழுத்தில் வாங்கலாம். மரம் இன்றைக்கோ நாளைக்கோ விழும் நிலையென்றால் மட்டும் அதற்குக் காத்திருக்காமல் பொலிஸுக்குப் போங்கள்.