நாய் மார்க் தட்டில் ஏறாத குரல்

ஒரு வெள்ளை நாய். தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு, பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பேராக் மாநிலத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று எண்பது வயதை எட்டிவிட்ட பெரியவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டிப் பாருங்கள். 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் உடனே வாயில் வராமல் போகலாம். ஆனால் "நாய் மார்க் பிளேட்டு" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

கிராமபோன் கம்பெனி என்ற அந்த நிறுவனம் தமிழருக்குச் செய்த நன்மை பெரிது. கடல் கடந்து வந்து பால்மரம் சீவிய மக்களுக்கு ஊரின் குரலைக் கொண்டுவந்து கொடுத்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொண்டுவந்ததைப் பற்றி மட்டுமே பேசினால் போதுமா? இங்கிருந்து அது எதை எடுத்துக்கொண்டு போனது? அல்லது எதை எடுக்காமலே விட்டுவிட்டது? இந்தக் கேள்வியை நம் சமூகம் அதிகம் கேட்டதில்லை.

முதலில் அந்த நாயின் கதை. அதன் பெயர் நிப்பர். வளர்த்தவர் இறந்துபோன பிறகு, அவருடைய தம்பியான ஓவியர் பிரான்சிஸ் பாரோ அதைப் படமாக வரைந்தார். முதலில் வரைந்தபோது நாயின் முன்னால் இருந்தது கிராமபோன் அல்ல, எடிசன் காலத்து உருளைக் கருவி. 1899ல் லண்டன் கிராமபோன் கம்பெனி அந்த ஓவியத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: கருவியை மாற்றித் தங்கள் கிராமபோனை வரைய வேண்டும். ஓவியரும் பழைய கருவியின் மேலேயே புதியதைத் தீட்டிக் கொடுத்தார். எஜமானின் குரலைக் கேட்கும் நாய் என்ற அந்த உருக்கமான படம், அப்படித்தான் ஒரு வியாபாரச் சின்னமானது!

1902ல் அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அவர் பதிவு செய்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பது அவருடைய வழக்கம். இது வெறும் பெருமைக்காக அல்ல. மெழுகில் பதிவான பாட்டு, தட்டாக அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டாமா? கைஸ்பர்க் அதே பயணத்தில் தோக்கியோ, ஷாங்காய் என்று சுற்றி, 1903ல் சிங்கப்பூரிலும் பதிவு நடத்தினார். அதாவது பால்மரக் காடுகள் மலாயாவில் பரவலாக எழுவதற்கு முன்பே ஒலிப்பதிவுக் கருவி இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனியின் ஆட்கள் சென்னைக்கும் வந்தனர். அங்கே குழலின் முன்னால் நின்று முதலில் பாடியவர்களில் பலர் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். 'குடும்பப் பெண்கள்' வெளியில் வந்து பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. கோயில், சதிர் மரபில் வந்த பெண்களே துணிந்து முன்வந்தார்கள். ஊர் ஏளனமாகப் பார்த்த குரலைத்தான் ஊரே காசு கொடுத்து வாங்கியது.

பாடுவதும் எளிதாக இருக்கவில்லை. மைக் கிடையாது. 1925க்குப் பிறகே மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதுவரை ஊதுகுழலுக்குள் தலையை நுழைக்காத குறையாகக் கத்திப் பாட வேண்டும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியக்கூடிய ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் மடக்கிச் சுருட்டி வைக்க வேண்டும். இன்றைக்கும் பாட்டு என்றால் மூன்று, நான்கு நிமிடம் என்று காது பழகிவிட்டதே, அந்தப் பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்று பாரிஸ் வரை போயிருக்கிறது. மொரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதைக் கேட்டு மயங்கி, 'ராகமாலிகா' என்ற தலைப்பிலேயே ஓர் இசைப்படைப்பை எழுதினார். 1917ல் தாயி காலமானார். தமிழ்நாட்டில் அவரை மறந்தவர்கள் ஏராளம். பாரிஸ் மறக்கவில்லை.

இனி பேராக் பக்கம் வருவோம்.

1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் ஓர் ஆணுக்கு நாள் கூலி 50 காசைச் சுற்றியே இருந்தது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. 1930ல் ரப்பர் விலை சரிந்தபோது அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்த வருமானத்தில் கிராமபோன் பெட்டி வாங்குவது என்பது நடக்கிற காரியமா? பெட்டி இருந்ததெல்லாம் பெரும்பாலும் கிராணி வீட்டிலோ, கங்காணி வீட்டிலோ, கடைக்காரரிடமோதான். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். சாவியைச் சுற்றி முடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஊசியை மாற்ற வேண்டும். அந்த ஊசி வரும் சின்னத் தகர டப்பாவின் மேலும் அதே நாய்தான்.

தட்டு எதனால் ஆனது தெரியுமா? அதில் முக்கியமான பொருள் அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுக்கப்படும் அதே அரக்கு. ஒரு மரத்தின் பாலைச் சீவிப் பிழைத்தவர்கள், இன்னொரு மரத்தில் கிடைத்த அரக்கில் பாட்டுக் கேட்டார்கள். கல்கத்தாவில் 1908ல் சியால்டாவிலும், பிறகு டம்டம்மிலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டதால் தட்டுகள் ஹனோவர் போய் வரும் வேலை இல்லாமல் போனது. 1931ல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து 'ஈ.எம்.ஐ.' ஆனது. வெவ்வேறு மார்க்குகளாகத் தெரிந்தவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாயின.

பேசும் படம் வருவதற்கு முன்னர் நாடகம்தான் எல்லாம். வள்ளி திருமணம், கோவலன், அரிச்சந்திரா என்று ஒரு முழு நாடகத்தையே பல தட்டுகளாகப் பிரித்து விற்றார்கள். அந்த மேடையின் உச்ச நட்சத்திரம் எஸ்.ஜி. கிட்டப்பா. அவருடைய ஜோடி கே.பி. சுந்தராம்பாள். 1933 டிசம்பரில், 27 வயதிலேயே கிட்டப்பா இறந்துபோனார். அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலையைத் தவிர வேறு உடுத்தவில்லை. ஆனால் தட்டில் கிட்டப்பாவுக்கு எப்போதும் 27 வயதைத் தாண்டாத குரல்தான். எஜமான் இறந்த பிறகும் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிப்பரின் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1926ல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தாய் சண்முகவடிவுடன் வந்து இந்தக் கம்பெனிக்குப் பாடினாள். மதுரை சுப்புலட்சுமி. பின்னாளில் எம்.எஸ். என்ற இரண்டெழுத்தே போதுமானதாக இருந்தது. 1963ல் அவர் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் நெடுந்தட்டாக வெளிவந்தது. இருபது நிமிடம் ஓடும் அந்தத் துதி, பழைய மூன்று நிமிடத் தட்டில் ஏறியிருக்கவே முடியாது. 33 சுற்றுத் தட்டு வந்ததால்தான் விடியற்காலைச் சுப்ரபாதம் என்ற பழக்கமே பிறந்தது என்றாலும் தவறில்லை. அதற்கான ராயல்டியை எம்.எஸ். திருப்பதி தேவஸ்தானத்துக்கே எழுதிவைத்துவிட்டார்.

ராயல்டி என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். எழுதிக்கொடுக்க எம்.எஸ்.சுக்கு ராயல்டி இருந்தது. முன்னோடிகள் பலருக்கு அது கிடையாது. பதிவுக்கு ஒரு தொகை, அதோடு கணக்கு முடிந்தது. தட்டு ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் லாபம் கம்பெனிக்கே. போட்டி இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். ஆனால் 1960களின் இறுதி வரை இந்தியாவில் இந்த நிறுவனத்துக்கு ஏறக்குறைய தனி ஆதிக்கம். யாரைப் பதிவு செய்வது, எந்தப் பாட்டைப் பதிவு செய்வது என்பதெல்லாம் அவர்கள் வைத்ததே சட்டம். நாகூர் ஈ.எம். ஹனிபா, அண்ணாவைப் பற்றிய பாட்டைப் பதிவு செய்யக் கம்பெனி தயங்கியபோது, அதைப் பாடாவிட்டால் வேறெதையும் பாட மாட்டேன் என்று நின்றதாக அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. கடைசியில் பாட்டு வந்தது. விற்றும் தீர்ந்தது. எல்லாராலும் அப்படி நிற்க முடியுமா என்ன?

நாடு விடுதலை பெற்ற பிறகு தோட்டத்து நிலைமையும் மாறியது. அவசரகாலம் முடிந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்க, துண்டாடல் தொடங்கியது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். அதே காலத்தில்தான் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் முழங்கியது. சூலமங்கலம் சகோதரிகளின் கந்தர் சஷ்டி கவசம், டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தீ மிதித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரிந்தாலும் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அதே பெட்டியில் அடுத்த தட்டு ஹனிபாவுடையதாக இருக்கும். லயத்தில் மூன்று மதத்தாரும் பக்கத்துப் பக்கத்து வீடு. தட்டுப் பெட்டிக்குள்ளும் அப்படித்தான்.

இவ்வளவும் வந்தது. இங்கிருந்து போனது என்ன?

இருட்டோடு பெரட்டுக்குப் போய், விடியுமுன் மரத்தில் கத்தி வைத்த பெண்கள் பாடாமலா இருந்தார்கள்? தாலாட்டு இருந்தது. ஒப்பாரி இருந்தது. கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு இருந்தது. கப்பலேறி வந்த கதையைச் சொல்லும் பாட்டு இருந்தது. அவற்றில் சிலவற்றை ஆய்வாளர்கள் பின்னாளில் ஏட்டில் எழுதிக் காப்பாற்றினர். ஆனால் வரி ஏட்டில் நிற்கும், மெட்டு நிற்காது. அந்தப் பெண்ணின் மூச்சும், இழுப்பும், இடையில் வரும் விம்மலும் நிற்காது. நாய் மார்க் கம்பெனி தட்டு வாங்குகிறவரைத் தேடி வந்த வியாபாரி. மரம் சீவும் பெண் அதன் கணக்கில் கேட்பவள்கூட அல்ல. வாசலில் நின்றவள்.

பின்னாளிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பினாங்கிலிருந்து வந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவாக நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள். ஆனால் பெரிய நிறுவனத்தின் வழியாக அவர்களுக்குப் புகழ் தேடித்தந்தது மலாய்ப் பாட்டு. தமிழில் பாடிய உள்ளூர்க் கலைஞர்களுக்கு நீண்ட காலம் வானொலிதான் அடைக்கலம். தட்டு என்றால் அது சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்று கேட்பவர்களும் நினைத்துக்கொண்டார்கள். பழியை முழுக்கக் கம்பெனி தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

கேசட் வந்தது. அரக்குத் தட்டுகள் பரணுக்குப் போயின. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட, மக்கள் புந்தோங்கிற்கும் சிலிபினுக்கும் இன்னும் பல இடங்களுக்கும் மூட்டை கட்டினார்கள். அந்த மூட்டையில் தட்டுக்கு இடம் ஏது? கீழே விழுந்தால் உடையும், வெயில் பட்டால் வளையும். எத்தனை லயத்து வீடுகளில் அவை அப்படியே கிடந்து மண்ணோடு போயினவோ! சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் வாழ்நாளைச் செலவிட்டுப் பல்லாயிரம் தட்டுகளைக் காத்தார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் பழைய குரல்கள் பல இன்று கணினியில் கேட்கக் கிடைக்கின்றன.

கம்பெனியும் உருமாறிவிட்டது. இந்தியாவில் அது 1980களில் கோயங்கா குழுமத்தின் கைக்குப் போனது. 2000ல் 'சரிகம' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017ல் பழைய பாடல்களை நிரப்பிய 'கார்வான்' என்ற சிறு பெட்டியை விற்கத் தொடங்கியது. சாவி சுற்ற வேண்டாம், ஊசி மாற்ற வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். தாத்தா பாட்டிக்குப் பரிசாக வாங்கிக்கொடுக்கும் பிள்ளைகள் உண்டு.

ஈப்போ குனோங் சீரோ கல்லுமலை ஆலயத்துக்குத் தைப்பூசத்தன்று போனால் கூட்டத்துக்கு நடுவே சூலமங்கலம் சகோதரிகளின் குரல் காதில் விழும். தோட்டங்கள் போய்விட்டன, லயங்கள் போய்விட்டன, அந்தக் குரல் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருக்கும் மூதாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் சுங்கை சிப்புட்டிலும் பகான் டத்தோவிலும் மரம் சீவியவர்கள். அம்மாவிடம் கேட்ட தாலாட்டு சிலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பேரனின் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. அதில் மூன்று நிமிடம் என்ற கணக்கெல்லாம் இல்லை, மணிக்கணக்கில் பதியலாம். பாட்டிக்குக் கூச்சம் அதிகம். இரண்டு மூன்று முறை கேட்டால்தான் பாடுவார்.