ஒட்டுண்ணிக் குளவிகளும் டி.என்.ஏ. ஆய்வும்

பிற பூச்சிகளின் முட்டையிலோ உடலிலோ முட்டையிட்டு, அவற்றையே உண்டு வளர்ந்து கொன்றுவிடும் குளவிகள் ஒட்டுண்ணிக் குளவிகள் எனப்படும். இவற்றின் இனத்தை உறுதிசெய்யவும், எந்தக் குளவி எந்தப் பூச்சியைத் தாக்குகிறது என அறியவும் டி.என்.ஏ. ஆய்வு உதவுகிறது. கரும்பும் மரவள்ளியும் விளையும் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரத்துக்கு இந்த ஆய்வு மிகவும் வேண்டியது.

வரலாறு

கரும்பின் இடைக்கணுப்புழுவைக் கட்டுப்படுத்த வயலில் கட்டும் அட்டைகளில் இருப்பது டிரைக்கோகிரம்மா. ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே உள்ள இக்குளவியின் இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைக் கொண்டு இனம் பிரிக்கலாம் என எச். நாகராஜாவும் சுதா நாகர்கட்டியும் 1971இல் விளக்கினர். ஆனால் வோல்பாக்கியா பாக்டீரியா தொற்றிய சில குளவிக் கூட்டங்களில் பெண்களே பிறப்பதால் அங்கு இம்முறை பயன்படாது. 1999இல் ஸ்டவுட்ஹாமர் குழுவினர் ஐ.டி.எஸ்.2 என்னும் டி.என்.ஏ. பகுதியைக் கொண்டு இனம் காணும் வழியைத் தந்தனர். 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட், சிறு டி.என்.ஏ. துண்டைக் கொண்டு உயிரினங்களை இனம் காணும் டி.என்.ஏ. பார்கோடிங் முறையை முன்வைத்தார்.

முறை

பிடித்த புழுவை வளர்த்து, குளவி வெளிவரக் காத்திருப்பது பழைய வழக்கம். இடையில் புழு செத்தால் விவரமும் போய்விடும். இப்போது புழுவை நசுக்கி டி.என்.ஏ.யைப் பிரித்து, குறிப்பிட்ட குளவிக்குரிய துண்டை பி.சி.ஆர். மூலம் பெருக்கினால் உள்ளிருக்கும் குளவி தெரிந்துவிடும். குளவியையே தாக்கும் குளவியும் அகப்படும். எனினும் அந்தக் குளவி பிழைத்து வெளிவருமா என்பதை இச்சோதனை சொல்லாது. அதற்கு வளர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

மரவள்ளி தரும் பாடம்

1970களில் ஆப்பிரிக்க மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சிக்கு எதிரியைத் தேடியவர்கள், முதலில் அமெரிக்கக் கண்டத்தில் கண்டது தோற்றத்தில் ஒத்த வேறொரு மாவுப்பூச்சி இனம். அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. 1981இல் பராகுவேயில் சரியான பூச்சியும் அனகைரஸ் லோபெசி குளவியும் கிடைத்த பிறகே பயிர் மீண்டது. 2020இல் கேரளத்தில் தென்பட்ட அதே மாவுப்பூச்சி தமிழகத்துக்கும் பரவியது. பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அக்குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்டது. குளவி தாக்கிய மாவுப்பூச்சி பழுப்பேறி இறுகிவிடும். முதிர்ந்த குளவி அதைத் துளைத்து வெளியேறும்.

மரவள்ளியில் பப்பாளி மாவுப்பூச்சியும் வரும். அதற்குரிய குளவி அசெரோபேகஸ் பப்பாயே. இனம் தவறினால் விடும் குளவியும் வீண். பூச்சிக்கொல்லி இக்குளவிகளையும் கொல்லும் என்பதால், உழவர்கள் மருந்தடிக்கும் முன் வேளாண் அலுவலரிடம் காட்டிப் பூச்சியின் இனத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.