வடதிருமுல்லைவாயில்: பதிகச் சான்றும் முழுநிலா வெள்ளி வழிபாடும்

சென்னை மாநகரின் மேற்கெல்லையில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ளது திருமுல்லைவாயில். சீகாழியை அடுத்துத் திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற தென்திருமுல்லைவாயில் ஒன்று உண்மையின் இதனை வடதிருமுல்லைவாயில் என்றல் மரபு. முழுநிலா நாள் வெள்ளிக்கிழமையொடு கூடிவரும்போது இவ்வூரில் திரளும் மக்கட் பெருக்கினை நேரிற் கண்டாரே அறிவர். காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூர்த் திருவுடையம்மையையும், நண்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மையையும், மாலையில் இவ்வூர்க் கொடியிடையம்மையையும் ஒருநாளிலேயே கண்டு வழிபடுதல் இவ்வட்டாரத்தார் போற்றும் நோன்பாகும். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூவகைச் சத்திகளாக இம்மூவரையும் வகுத்துக் கூறுவர். முழுநிலா வெள்ளி ஆண்டில் ஓரிரு முறையே பெரும்பாலும் வாய்ப்பதாகலின் அந்நாளின் நெருக்கம் சாலப் பெரிது.

இவ்வழிபாடு தேவார காலந்தொட்டே வருவது என்று விழாநாள்களில் வழங்கும் சிறு வெளியீடுகள் எழுதுகின்றன. எழுத்துச் சான்று தேடும் மாணவரோ இதனை அண்மைக் காலத்துப் புனைவு என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு கூற்றும் ஒருங்கே பிழைபட்டன என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோக்கற்பாலது சுந்தரர் பதிகம். ஏழாந் திருமுறையுள் 69ஆம் பதிகமாகத் தக்கேசிப் பண்ணில் அமைந்த அஃது, இவ்வூர் பற்றிய செய்திகளுக்கெல்லாம் தலைமைச் சான்றாகும். அதன்கண் மூன்று குறிப்புகள் நமக்குப் பயன்படுவன. ஒன்று, தொண்டைமான் ஒருவனது களிற்றை முல்லைக்கொடியாற் பிணித்து அவன் இன்புறுமாறு இறைவன் வெளிப்பட்டான் என்பது. மற்றொன்று, இறைவன் ஆடல் கண்டு நிற்கும் உமையைக் கொடிபோலும் இடையினள் எனக் குறித்தமை. பிறிதொன்று, ஒற்றிமாநகரினை உடையவனே என்று முல்லைவாயில் இறைவனை விளித்து, சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்டனை என்று முறையிடுதல்.

இவற்றுள் தொண்டைமான் செய்தி எத்துணைச் சுருக்கமாக உள்ளது என்பதை நோக்குக. சேக்கிழாரும் அவனுக்கு அருள்செய்தமையைச் சுட்டி அப்பாற் செல்கின்றாரேயன்றி விரித்தாரல்லர். பின்வந்த தலபுராண வழக்கோ குறும்பர் தலைவராகிய ஓணன், வாணன் என்பாரையும், கொடியை வெட்டிய வாளின் வடு இலிங்கத் திருமுடியிற் பதிந்தமையையும், குறும்பரை வென்று கொணர்ந்த எருக்கந் தூண்கள் இரண்டினையும் உடன்சேர்த்து உரைக்கின்றது. அத்தூண்கள் என்று காட்டப்பெறுவன இன்றும் கருவறை முன் உள்ளன. நந்தி இறைவனை நோக்காது, தொண்டைமானுக்குத் துணைபோவது போல, வாயிலை நோக்கி அமர்ந்துள்ளது. வடுவை ஆற்றும் பொருட்டு இறைவன் திருமேனியிற் சாத்தும் சந்தனக் காப்பினைச் சித்திரைச் சதயத்தை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறையே களைந்து புதுக்குவர். குறும்பர் பற்றிய வாய்மொழிச் செய்திகளும், அவர்தம் புழற்கோட்டையை ஆதொண்டைச் சக்கரவர்த்தி வென்ற கதையும் மெக்கன்சி தொகுப்புச் சுவடிகளில் இடம்பெற்றன. எனவே குறும்பர் கதை தொண்டை நாட்டார் நினைவில் ஆழ வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. எனினும் அதனைப் பதிகத்தின் மேல் ஏற்றி உரைத்தல் முறையன்று. பதிகத்துள் யானையும் முல்லைக்கொடியும் உள்ளன, குறும்பர் இலர், வாளும் இல்லை.

இனி அம்மையின் பெயரைக் காண்போம். சுந்தரர் வாக்கில் கொடியிடை என்பது உமைக்கு அடையாய் வந்ததேயன்றி இத்தலத்து அம்மைக்குரிய இயற்பெயராய் வந்ததன்று. அம்மைக்கெனத் தனிக்கோயில் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் முதலாம் இராசேந்திரன் காலமாகிய பதினொன்றாம் நூற்றாண்டு முதலே பெருகிற்று என்பது வரலாற்றறிஞர் துணிபு. திருக்காமக் கோட்டம் என அவை பெயர் பெற்றன. பல்லவர் காலத்தவராகிய சுந்தரர் மூன்று ஊர்களிலும் மூன்று அம்மன் திருமுன்களை நாடிச் சென்றார் என்றல் இதனாற் பொருந்தாது. பதிகத்து அடைமொழியே தனித் திருமுன் அமைந்த காலத்து அம்மைக்குத் திருப்பெயராயிற்று என்று கொள்ளுதலே நேரிது. முல்லைக்கொடி பிணித்த ஊரில் கொடியிடை என்னும் சொல் ஊன்றி நின்றமை இயல்பே. மேலும் மேலூர் தேவாரப் பாடல் பெற்ற தலமன்று. எனவே மூவம்மையர் வரிசை, அவ்வரிசையாக, தேவாரத்துக்கு முற்றும் பிற்பட்டதே. ஒரு பாறை மூன்றாய்ப் பிளக்க, சிற்பி ஒருவன் அம்மூன்றினின்றும் மூன்று திருவுருக்களையும் வடித்தான் என்னும் கதையும் அவ்வரிசை அமைந்த பின்னர் அதனை விளக்க எழுந்ததாகலாம்.

ஆயின் இவ்வளவில் அமைதல் ஆராய்ச்சியாகாது. மூன்றாங் குறிப்பினை மறத்தலாகாது. திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் ‘நின்னைப் பிரியேன்’ எனச் சங்கிலியார்க்குச் சூளுரைத்த சுந்தரர், அச்சூள் பிழைத்து ஊரெல்லையைக் கடந்த அளவிற் கண்ணிழந்தார். பார்வையிழந்த நிலையில் அவர் முதற்கண் அடைந்த தலம் வடதிருமுல்லைவாயில் என்கின்றார் சேக்கிழார். அப்பால் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, பழையனூர் ஆலங்காடு முதலிய தலங்களைப் பணிந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது அவர் காட்டும் வரலாறு. சேக்கிழார் கூற்றெனினும் இஃது அவர் படைத்துக்கொண்டதன்று. முல்லைவாயிற் பதிகத்திலேயே ஒற்றியும் சங்கிலியும் கண்ணிழப்பும் ஒருசேர நிற்றலின், இரண்டு ஊர்களையும் இணைத்தது சுந்தரர் திருவாக்கே என்க. அன்றியும் சேக்கிழார் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரினர். குன்றத்தூர் பூவிருந்தவல்லிக்கு அணித்து. தாம் பிறந்த நாட்டு வழிகளை அவர் நன்கறிந்தே பாடினார் என்று கொள்ளத் தடையில்லை. வழிகாட்டும் நூல் ஏதுமின்றியே அவர் ஊர்வரிசை மேற்கு நோக்கி ஒழுங்குபடச் செல்லுதலை நிலப்படத்தில் வைத்துக் காணும் மாணவர் உவப்பர்.

ஆகவே, நண்பகல் ஒற்றியூரில் நின்று மாலை முல்லைவாயிலை அடையும் மக்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, கண்ணிழந்த சுந்தரர் நடந்த வழியையே பின்பற்றுகின்றனர். மூவம்மையர் என்னும் எண்ணும் சத்தி வகுப்பும் பின்னை வந்தன. ஒற்றியையும் முல்லைவாயிலையும் பிணைத்த வழியோ பழையது. ஒற்றியூர் தன் பங்கினை மாசிப் பெருவிழாவின் மகிழடி சேவையால் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது. சூளுரையும் திருமணமும் அங்கு விழாவாய் நிகழ்கின்றன. இழந்த கண்ணோடு நடந்த நடையினை நினைவுகூரும் விழா அவ்வாறு பேரளவில் எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிவுடை மாணிக்க மாலை பாடிய இராமலிங்க அடிகள் முல்லைவாயிலுக்கும் திருவிண்ணப்பம் பாடியமை இவ்விணைப்பு அற்றுப்போகாமைக்குச் சான்று.

இந்நோன்பு பெருந்திரளின் விழாவாக வளர்ந்தமைக்குக் காரணம் வேறு. 1856இல் இராயபுரத்தினின்று வாலாசா சாலை வரை தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை இவ்வழியே திறக்கப்பெற்றது. 1955 சனவரியில் ஆவடியில் தேபர் தலைமையிற் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அதன் முன்னும் பின்னும் தொழிற்சாலைகள் பல இப்பகுதியில் எழுந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960களில் தோன்றியவை. பிற மாவட்டங்களினின்று குடிவந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இவ்வூரில் குலதெய்வமும் இல்லை, பங்காளிகளும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில், வேலைக்குச் சென்ற உடையோடு, தூக்குப் பாத்திரம் கையிலிருக்க வரிசையில் நிற்கும் மகளிரைக் காணுந்தோறும், வந்தேறிய ஊரைத் தம்மூராக்கிக்கொள்ள அவர்க்குக் கிடைத்த வாயில் இது என்றே நமக்குத் தோன்றும். எழுத்துச் சான்று இன்மையால் இவ்வழிபாட்டை இகழும் மாணவர் ஒருமுறை அவ்வரிசையில் நின்று வருதல் நன்று.

வரிசை முல்லைவாயிலோடு முடிந்துவிடுகின்றது. சுந்தரரோ ஆண்டுத் தங்கினாரல்லர். துயர் தீராமலே மேற்கே நடந்தார். அவர் அடுத்து அடைந்த பழைய வெண்பாக்கம் இன்று காணற்கில்லை. சென்னைக்குக் குடிநீர் வேண்டிக் கொசத்தலையாற்றின் குறுக்கே எழுந்து 1944இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துள் அவ்விடம் மூழ்கிற்று. நீர்த்தேக்கத்துக்கு முயன்ற நகரத் தலைவர் சத்தியமூர்த்தியின் பெயரே அதற்கு வழங்குகின்றது. கோயிலைப் பூண்டியில் மீள எடுத்தமைத்தனர். கண்ணிழந்தார்க்கு வழிகாட்டினாள் என்று கூறப்பெறும் அம்மை அங்கு மின்னொளியம்மை எனப் பெயர் பூண்டுள்ளாள். கண் வேண்டி நின்றவர்க்குக் கோல் கிடைத்தபோது சினந்தெறிந்த அக்கோல் பட்டு ஒடிந்தது என்பர் ஆண்டுள்ள நந்தியின் கொம்பு. ஒற்றியூரினின்றும் முல்லைவாயிலினின்றும் புறப்படும் அன்பர் கூட்டத்துள் அக்கொம்பினைக் கண்டு வருவோர் மிகச் சிலரே.