ராத்திரி முழுக்க உதைத்த துப்பாக்கி

போன வருஷம் ஒரு மழை நாள்ல பைக் சறுக்கி, வலது பக்கத்துக் காலர் எலும்பு உடைஞ்சு போச்சு. "ஆபரேஷன் வேணாம், தானா சேர்ந்துடும்"னு சொல்லி ஆறு வாரம் கையைத் தூளி கட்டித் தொங்க விட்டுட்டார் டாக்டர். ஒத்தை இடது கையால கோட் அடிச்சு ரிலீஸை ஒப்பேத்தின கதை தனி. அது இப்ப வேணாம்.

என் கவலை வேற. காலேஜ்ல என்சிசி-யில பிடிச்ச பைத்தியம் எனக்கு ரைபிள். வேலைக்கு வந்தப்புறமும் விடல. ஞாயித்துக்கிழமை காலைல கிளப்புக்குப் போய்.22-வில் ஐம்பது, அறுபது சுத்து சுட்டாத்தான் எனக்கு அந்த வாரம் முடிஞ்ச மாதிரி. துப்பாக்கியின் பின்கட்டையை எந்தக் குழியில் பதிக்கணுமோ, அதுக்கு ரெண்டு விரல் மேலதான் எலும்பு உடைஞ்சிருக்கு. திரும்பச் சுட முடியுமாங்கிறதுதான் கேள்வி.

கை தூளியில இருந்த நாட்கள்ல பொழுது போகாம 'ஜூலு' (1964) படத்தை மறுபடி பார்த்தேன். மைக்கேல் கெய்ன் சின்னப் பையனா வருவாரே, அந்தப் படம். முன்னாடி பார்த்தப்ப கண்ணுல படாத ஒரு விஷயம் இந்தத் தடவை பட்டுது: தோள்ல அடிபட்ட ரெண்டு பேர் சண்டை நடுவுல தோட்டாப் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போறாங்க. நம்ம ஜாதி ஆச்சேன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன் :-)

இடம் ரோர்க்ஸ் டிரிஃப்ட். இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், ஆத்தங்கரையில இருந்த ஒரு மிஷன் வீடு. 1879 ஜனவரி 22. அன்னிக்குப் பகல்லதான் சில மைல் தள்ளி இசாண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படையில் 1,300 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அந்தச் சேதி வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூவாயிரம், நாலாயிரம் ஜூலு வீரர்கள் மிஷன் வீட்டுப் பக்கம் வந்தாச்சு. உள்ளே இருந்தது நோயாளிகளையும் சேர்த்து நூற்றைம்பது பேர் சொச்சம். மக்காச்சோள மூட்டையையும் பிஸ்கட் பெட்டியையும் அடுக்கி மதில் மாதிரி கட்டிக்கிட்டு நின்றார்கள்.

வீரக்கதையா மட்டும் இதைப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். அடுத்தவன் நாட்டுக்குள்ளே படையெடுத்துப் போனது பிரிட்டிஷ்காரன்தான். சண்டை முடிஞ்சப்புறம் அடிபட்டுக் கிடந்த ஜூலுக்களைக் கொன்னதும் நடந்திருக்கு. படம் அதைக் காட்டாது. இங்க எனக்கு வேண்டியது துப்பாக்கியும் தோளும் மட்டும்தான்.

துப்பாக்கி பேர் மார்ட்டினி-ஹென்றி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. 85 கிரெய்ன் கருமருந்து, 480 கிரெய்ன் ஈயக் குண்டு. நம்ம கணக்குல 31 கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது வேகம் விநாடிக்கு 410 மீட்டர் போல. துப்பாக்கி எடை சுமார் நாலு கிலோ. இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டோட உந்தம், கூடவே வெளிய பாயற புகையோட உந்தம், ரெண்டையும் கூட்டி நாலு கிலோவால் வகுத்தா, துப்பாக்கி விநாடிக்கு கிட்டத்தட்ட நாலு மீட்டர் வேகத்துல பின்னாடி வருது. ஏறக்குறைய 30 ஜூல். புரியற மாதிரி சொல்லணும்னா, நாலு கிலோ அரிசி மூட்டையை ரெண்டரை அடி உயரத்திலேர்ந்து தோள்ல போட்டா எப்படியோ அப்படி. மூட்டைகூட மெத்துன்னு இருக்கும். இங்க வந்து இடிக்கிறது இரும்புத் தகடு அடிச்ச கட்டை.

ஒரு தடவைன்னா பரவாயில்லை. அங்கே இருந்த இருபதாயிரம் சொச்சம் தோட்டாவுல விடியும்போது மிச்சம் 900-ன்னு சொல்வாங்க. ஆளுக்கு நூத்தி முப்பது சுத்துக்குக் குறையாது. சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிச்சது, நடுராத்திரி வரைக்கும் விடாம. இதுல கருமருந்துக்கு இன்னொரு புத்தி உண்டு. சுடச்சுட குழலுக்குள்ள கரி படியும். கரி படியப் படிய குண்டு இறுகிப் போகும், உதையும் கூடும். அதாவது தோள் எவ்வளவு புண்ணாகுதோ அவ்வளவு பலமா அது மேல அடி விழும். என்ன டிசைனோ! குழல் கையால தொட முடியாத அளவுக்குக் கொதிச்சுது. சூட்டுல பித்தளைத் தோட்டாக் கூடு வேற உள்ளேயே ஒட்டிக்கிச்சு.

வலது தோள் கறுத்து வீங்கினதும் இடது தோளுக்கு மாத்தினாங்க, அதுவும் போனதும் கையை நீட்டிப் பிடிச்சுச் சுட்டாங்கன்னு படிச்சேன். படிச்சப்போ என் காலர் எலும்பு சுருக்குன்னு ஒரு தடவை வலிச்சுது, நிஜமா.

இதுல ஒரு விஷயம். தோள் வலிச்சா நாம என்ன செய்வோம்? கட்டையை அழுத்தாம, தோளுக்கும் கட்டைக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டுப் பிடிப்போம். அதுதான் தப்பு. இடம் விட்டா துப்பாக்கி தனியா வேகம் எடுத்து வந்து சுத்தியல் மாதிரி இடிக்கும். எலும்புக்குக் கீழே இருக்கற சதைக் குழியில் இறுக்கிப் பதிச்சா, உடம்போட எடையும் துப்பாக்கியோட சேர்ந்துக்கும். அதே உதை ஒரு தள்ளலா மாறிடும். வலிக்கிற இடத்துல இறுக்கிப் பிடிக்கச் சொன்னா எந்த உடம்பு கேட்கும்?

சரி, அந்த ரெண்டு பேருக்கு வருவோம். ஒருத்தர் பிரைவேட் ஃபிரடெரிக் ஹிட்ச், வயசு 22. இன்னொருத்தர் கார்ப்பரல் வில்லியம் ஆலன். ஆஸ்பத்திரிக் கட்டடத்துலேர்ந்து நோயாளிகளை வெளிய கொண்டுவர வழியைத் திறந்து வெச்சவங்க இவங்கதான். ரெண்டு பேருக்கும் குண்டடி. ஹிட்சுக்குத் தோள்பட்டை எலும்பே நொறுங்கிப் போச்சு. ஆனாலும் வலது கையை பெல்ட்டுக்குள்ள சொருகிக்கிட்டு, லெப்டினன்ட் பிராம்ஹெட் கொடுத்த ரிவால்வரை இடது கையில வெச்சு சுட்டிருக்கார். அதுவும் முடியாதப்போ, காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு ஆலனும் இவருமா ராத்திரி பூரா மத்தவங்களுக்குத் தோட்டா கொண்டுபோய்க் கொடுத்தாங்க.

விக்டோரியா சிலுவை ரெண்டு பேருக்கும் கிடைச்சுது. ஹிட்சுக்கு 1879 ஆகஸ்ட்ல, நெட்லி ராணுவ ஆஸ்பத்திரியில், ராணி கையாலேயே. அவர் தோள்லேர்ந்து எடுத்த எலும்புத் துண்டு 39-ங்கிறாங்க. அதே மாசம் உடல்நிலை காரணமா படையை விட்டு அனுப்பிட்டாங்க. கடைசிக் காலத்துல லண்டன்ல டாக்ஸி ஓட்டி, 1913 ஜனவரியில் இறந்தார். சவ ஊர்வலத்துல டாக்ஸிக்காரங்க கூட்டம் கூட்டமா வந்தாங்களாம்.

என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது ஆலன் கதைதான். தோளுக்குப் பக்கத்துல கையில் அடிபட்ட அந்த மனுஷர், பின்னாடி மான்மத் ஊர்ல தொண்டர் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி சொல்லித்தர்ற சார்ஜென்ட்டா இருந்திருக்கார். 1890-ல் இன்ஃப்ளூயன்சா வந்து சாகற வரைக்கும். அப்பவும் தொண்டர் படைங்க கையில் இருந்தது அதே மார்ட்டினி-ஹென்றி ரகம்தான். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கிற புதுப் பசங்ககிட்ட அவர் என்ன சொல்லியிருப்பார்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

அதே 1880-களில்தான் 'மாரிஸ் ட்யூப்'னு ஒண்ணு புழக்கத்துக்கு வந்தது. மார்ட்டினி-ஹென்றி குழலுக்குள்ள சொருகற சின்னக் குழல். அதுல குட்டியூண்டு தோட்டா. துப்பாக்கி அதேதான், எடையும் குறியும் மாறலை, உதை மட்டும் இல்லை. செலவு கம்மி, நாலு சுவத்துக்குள்ளேயே சுடலாம்னுதான் கொண்டுவந்தாங்க. ஆனா பயந்த உடம்பைப் பழக்கவும் இதைவிட நல்ல வழி இல்லைன்னு எனக்குத் தோணுது. பெரிய துப்பாக்கியோட உதையைக் குறைச்ச கதை அப்புறம்: 1888-ல் லீ-மெட்ஃபோர்டோட .303 வந்தது. குழல் சிறுசு, குண்டு லேசு. பின்னாடி புகையில்லா மருந்தும் வந்து, கடைசியில் உதை ஏறக்குறைய பாதியாச்சு. என்சிசி-யில் டிரில்லுக்கு நாங்க தூக்கித் தூக்கித் தோள் வலிச்ச .303 அந்தப் பரம்பரைதான்.

இப்ப என் கதை. நாலு மாசம் கழிச்சு, டாக்டர் சரின்னப்புறம் கிளப்புக்குப் போனேன். .22 மேட்ச் ரைபிள் அஞ்சு கிலோ. உதை ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த அஞ்சு கிலோவை ரெண்டு மில்லிமீட்டர் உயரத்திலேர்ந்து கீழ வெச்ச மாதிரி. வலிக்க வாய்ப்பே இல்லை. கணக்குப் போட்டவனே நான்தானே? படுத்தேன், கட்டையைப் பதிச்சேன், விசையை அழுத்தினேன். குண்டு டார்கெட் அட்டையிலேயே இல்லை.

கோச் ஒண்ணும் சொல்லலை. அடுத்த தோட்டாவை அவரே போட்டு, மூடிக் கொடுத்தார். அழுத்தினேன். டிக். உள்ளே தோட்டாவே இல்லை. ஆனா குழல் ஒரு சாண் கீழே முங்கி எழுந்துது! எலும்பு சேர்ந்தாச்சு. ஆனா வராத உதைக்கு முன்கூட்டியே தோள் குறுகிக்குது. "இது தோள்ல இல்ல தம்பி"ன்னார் கோச். அவ்வளவுதான் சொன்னார்.

அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயிறும் இதேதான். அவர் போடுவார், சிலதுல தோட்டா இருக்கும், சிலதுல இருக்காது, எதுன்னு எனக்குத் தெரியாது. முதல் வாரம் காலியா வந்த அஞ்சுலயும் குழல் முங்கிச்சு. போன ஞாயிறு அஞ்சுல ரெண்டு. அந்த ரெண்டும் கடைசியா வந்தவை, கை அசந்துபோனப்ப. இந்த வாரம் மழை இல்லைன்னா பஸ்ஸுல போறேன். பைக் இன்னும் எடுக்கலை.